ஒரு லட்சத்து மூன்று

சிலைமான் சூளையில் கூட்டு முறிந்த வாரம்
இருப்பை எண்ணச் சொன்னார்கள்.
வெந்த கல் மட்டும். பச்சைக்கல் கணக்கில் இல்லை.
இரண்டு நாள், அடுக்குக்கு அடுக்கு சாக்பீஸ் கோடு.
ஒரு லட்சத்து மூன்று.

"மூணு பேரு, மூணாப் பிரி" என்றார் மச்சக்காளை.
இலக்கங்களைக் கூட்டினால் நாலு;
சொல்லும்போதே தெரியும் எனக்கு, ஒன்று மிஞ்சும்.
மிஞ்சிய கல்லை நாகூர்கனி பார்த்தார்.
சோணைமுத்து பார்த்தார்,
கல்லை அல்ல, பதினோரு வருஷத்தை.
தூக்கி எறியலாம்தான்.
யார் எறிவது என்பதில் வந்து நின்றது.

கடைசியில், எண்ணியவள் தப்பு என்றார்கள்.
அதில் மட்டும் மூவருக்கும் ஒரே பேச்சு.

திரும்ப எண்ணினேன். அதே.
மழை பிடித்துக்கொண்டது.
தார்ப்பாய்க்குள் குந்தி, பில் புத்தகத் தாளின் முதுகில்
அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தேன்,
கல் வெந்திருக்கிறதா என்று முட்டியால் தட்டுவோமே
அப்படி.
ஏழு தட்டினால் ஒன்று மீதி. பதினொன்றுக்கு இரண்டு.
இருபத்து மூன்றில் உடைந்தேவிட்டது என்று நினைத்தேன்:
ஒரே ஒரு கல் குறைச்சல்.
முந்நூற்றுப் பதினாறைத் தாண்ட வேண்டியதில்லை.
அதற்கு மேலே ஒருத்தன் வகுப்பானென்றால்
அவன் ஜோடி கீழேயே மாட்டியிருப்பான்.
அறுபத்தைந்து தட்டு.
அறுபத்தைந்துக்கும் ணங்.

பகா எண்.

செவ்வகமாய் அடுக்க வராது இது;
எந்த அகலத்தில் வைத்தாலும்
கடைசி வரிசை பல் விழுந்து நிற்கும்.
இரண்டு சதுரத் தரையாகப் பாவவும் வராது,
நாலுக்கு மூன்று மிஞ்சுகிற இனம்.
ஒற்றை வரிசையில் போகலாம், அவ்வளவுதான்.
கல்லுக்கு ஒன்பது அங்குலம்:
விரகனூர், தெப்பக்குளம், ஊருக்குள் நுழைந்து வெளியேறி
பெயரில் மட்டும் சூளை மிஞ்சிய காளவாசல் சிக்னல் தாண்டி
நாகமலை வரைக்கும்
ஒரு கல்லுக்குப் பின் ஒரு கல்.

சோணைமுத்து ஒருமுறை கேட்டிருக்கிறார்,
செங்கல் கணக்கெழுத பி.எஸ்சி. எதுக்குத்தா என்று.

அஞ்சு மணிக்கு மழை விட்டது.
ஜெபசிங் லாரியைக் கிளப்பினான்.
பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை
எடுக்க மறந்துவிட்டான்.
சேற்றில் சிவப்பாய் ஒரு கைப்பிடி.
அதையும் எண்ணியிருந்தேன் நான்.

ஒரு லட்சத்து இரண்டு.
இரண்டு கேட்டால் கொடுக்கும், ஆறு கேட்டால் கொடுக்கும்,
ஏழு பேர் வந்து நின்றாலும் பிரிந்து கொடுக்கும்.
மூன்றுதானே கேட்டார்கள்.
ஆளுக்கு முப்பத்து மூவாயிரத்து முந்நூற்று முப்பத்து நாலு.
"பாத்தியா, மொதல்லயே தப்பா எண்ணிருக்க" என்றார் மச்சக்காளை,
சந்தோஷமாக.
ஆமாண்ணே என்றேன்.

ராமேஸ்வரம் பாசஞ்சர் கூவிப் போனபோது
எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டார்கள்.
யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.
பால்பாயிண்ட் அழுத்தத்தில்
மூன்று பெயர்களும் பின்பக்கம் புடைத்திருந்தன,
தலைகீழாக,
என் அறுபத்தைந்து மீதிகளுக்கு நடுவே.