பதினொரு விநாடி

அரிசி விலை சொன்னாள். கடல் ஏற்றம் சொன்னாள்.
தணிக்கைக்காரர் சிவப்பில் அடித்த இடம் வந்ததும்
ஒன்றும் சொல்லவில்லை.

ஒலிப்பலகையில் நான். பாட்டுத் தட்டுக்குக் கை போனது.
கண்ணாடிக்கு அப்பால் ஒரு விரல் தூக்கினாள்: பொறு.

பதினொரு விநாடி.
ஹாரோ சந்தையில் மீன் வெட்டும் கத்திகள் நின்றனவாம்.
யாரோ எண்ணியிருக்கிறார்கள்:
கரும்புக் காட்டிலிருந்து ராணுவ லாரியில் ஏறியவர்கள்
பதினொருவர்.

மறுநாள் பதினான்கு.

கூட்டிப்போனபோது செருப்பு மாட்ட விடவில்லை.
நெரிசா பல்மாரெஸ்.
வாரில் ஊக்கு குத்திய அந்த இடது செருப்பு
இன்னும் மேசைக்கடியில்தான்.

மாலைச் செய்தி என் தலையில் விழுந்தது. திக்குவாயன் நான்.
அரிசி விலையைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.
பிறகு ஒலிவாங்கியை மூடாமல்
ஒரே ஒரு விநாடி
மூச்சடக்கினேன்.

கீழே தெருவில் ஒரு ஜீப்னி
எஞ்சினை அணைத்தது.