கையெழுத்தாகாத வக்காலத்து

மேலூர் கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில்
ஜெராக்ஸ் கடை மாடியில் என் அலுவலகம்.
ஐப்பசி மழைக்கு ஒதுங்கியவர் போல
சேவுகன் வந்தார்.
ஈரத்துண்டைப் பிழிந்து நாற்காலிக் கையில் போட்டுவிட்டு
எல்லாவற்றையும் சொன்னார்.

தங்கச்சி அடைக்கி
மஞ்சக்காமாலை முற்றிப் பெரியாஸ்பத்திரியில்
ஆள் தெரியாமல் கிடந்த மூன்றாம் இரவு
போர்வைக்குள் கைவிட்டு
அவள் கட்டைவிரலை எடுத்து
மையில் ஒற்றியதை.
கூர்ச்சீட்டில் ஒரே வரி:
எனக்குச் சேரவேண்டியதை
ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்.

"செல்லுமா தாயி?"
செல்லாது என்றேன்.
ஃபீஸ் எவ்வளவு என்றும் சொன்னேன்.
துண்டை உதறிக்கொண்டு போனவர்
வேறு வக்கீல் பிடித்துவிட்டதாகக் கேள்வி.

தை பிறந்து பத்தாம் நாள்
அடைக்கி வந்தாள்.
ரேஷன் கார்டு உறைக்குள்
ஆறு ஐந்நூறு ரூபாய்த் தாள்,
கொட்டாம்பட்டி பஸ் டிக்கெட்.
"கம்மாய்க்கரையோரம் எண்பது சென்டு வக்கீலம்மா.
ரேகை வச்சிருக்கேன்னு சொல்றாக.
வச்சேனா வைக்கலையான்னு
எனக்கே தெரியலையே."

எனக்குத் தெரியும்.
எந்த வார்டு, எத்தனையாவது கட்டில்,
விரல் மையை எதனால் துடைத்தார்கள் என்பதுவரை.

வக்காலத்துப் படிவத்தில்
ஸ்டாம்பு ஒட்டிக் கொண்டுவந்திருந்தாள்.
பேனாவைத் திறந்தேன். மூடினேன்.
"இந்தக் கேசை நான் எடுக்க முடியாதும்மா."
"ஏன்?"
"அதையும் சொல்ல முடியாது."

பழைய சட்டத்தில் நூற்றிருபத்தாறாம் பிரிவு.
புதியதில் எண் மாறிவிட்டது,
பூட்டு மாறவில்லை.

வேறொரு வக்கீல் பெயரெழுதிய சீட்டை நீட்டினேன்.
வாங்கிக்கொண்டுதான் கேட்டாள்:
"எம்புட்டு குடுத்தான் எங்கண்ணன்?"
படியிறங்கும்போது
ஜெராக்ஸ் பையன் காதுபடச் சொன்னாள்,
பொம்பளை வக்கீலுன்னு நம்பி வந்தேன் என்று.
மறுநாள் டீக்கடையில்
எனக்கு மட்டும் சர்க்கரை கூடுதலா என்று கேட்டார்கள்,
சிரித்தபடி.

சொல்லிவிட்டால்
எண்பது சென்டு கிடைக்கும் ஒருத்திக்கு.
அடுத்த மழைக்கு ஒதுங்குகிறவர்
பாதிதான் சொல்வார் என்னிடம்.
இப்படி எனக்கு நானே வாதாடி
இரவு இரண்டு மணிக்கு
நானே தள்ளுபடி செய்தேன்.
மேல்முறையீடு இன்னும் நிலுவையில்.

மூன்று வருடம். பத்தொன்பது வாய்தா.
என் கேஸ் கூப்பிடும்வரை
பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.
கூண்டில் சேவுகன்.
"கூர்ச்சீட்டு எழுதின தேதி?"
அவள் வக்கீல் கேட்டார். சேவுகன் சொன்னார்.
அடுத்து ஒரே ஒரு கேள்விதான்:
அன்றைக்கு உங்கள் தங்கை எங்கே இருந்தார்?

அவர் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.
முன்னும் பின்னும் புரட்டினார்.

கூண்டிலிருந்து சேவுகன் என்னைப் பார்த்தார்.
அவர் பார்வை போன வழியே
அடைக்கியும் திரும்பினாள்.

தலைக்குமேல் ஃபேன் சுற்றியது.
கழுத்துப்பட்டையின் இரண்டு வெள்ளை நாக்குகளும்
படபடத்து எழும்பின.
கையால் அமுக்கிக்கொண்டேன்.