மூன்று நிமிடம், ஐந்நூறு வாட்

பகாவ் டவுனில், டயர் கடைக்கு மேல்மாடியில்
பல்செட்டு செய்கிற கடை என்னுடையது.
மைக்ரோவேவ் அடுப்பின் கதவில்
மலாயில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக
இரண்டு தாள் ஒட்டியிருக்கிறேன்:
சாப்பாடு வைக்காதீர்கள்.
ஹஃபிசா ஒருமுறை நாசி லெமாக் வைத்துவிட்டாள்.
அந்த வாரத்துக் கடைவாய்ப் பற்களில்
நெத்திலி மணக்கிறதென்று
யாரும் புகார் சொல்லவில்லை.

சன்னாசி வந்தது ஒரு புதன்கிழமை.
செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர்.
மூக்கிருந்த இடத்தில் சதுரமாய் ஒரு பஞ்சு;
சிரம்பான் ஆஸ்பத்திரியில்
புற்றோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள்.
‘பல்லு செய்றவங்க மூக்கும் செய்வீங்களாமே’ என்றார்.
சொன்னதில் பாதியைக் காற்று
வேறு வழியாக வெளியே கொண்டுபோனது.

அடையாள அட்டையில் மூக்கு எள்ளளவு.
கல்யாணப் படத்தில் மாலை மறைத்திருந்தது.
‘எங்க வீட்டு மூக்குதான் இவனுக்கும்’ என்று
தங்கச்சி மகனைக் கூட்டிவந்தார்.
பையன் முகத்தில் அச்சுக்களியை ஊற்றினேன்.
தும்மினான்.
மறுபடி ஊற்றினேன்.

அக்ரிலிக் கல் மாதிரி.
சிலிக்கோன் சொன்னபடி வளையும், ஓரத்தில் கிழியும்.
ஒரே கிண்ணத்தில் விட்டால் இரண்டும்
பாகப்பிரிவினை முடிந்த அண்ணன் தம்பிபோல
முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.
இரு பக்கமும் உறவுள்ள மூன்றாவது திரவம்
நான்கு துளி.
பிசைந்தேன்.
ஊரைச் சுற்றி ரப்பர் காடு;
என் கையிலிருந்த டியூப் ஹம்பர்க்கிலிருந்து வந்தது.

இரும்புக் குடுவை ஆகாது, பொறி பறக்கும்.
கண்ணாடி இழைக் குடுவையில் அடைத்து
பக்கத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர்,
மிச்ச வேகத்தை அது குடித்துக்கொள்ளட்டும் என்று.
வெந்நீர்த் தொட்டியில் சூடு
வெளியே நின்று கதவைத் தட்டித் தட்டி
ராத்திரி முழுக்க உள்ளே போகும்.
இதில் மாவே நடுங்குகிறது,
நடுக்கமே சூடாகிறது.
அவசரப்பட்டால் கொதித்துவிடும்.
முதல் மூக்கு ஆப்பம்போலக் கண் கண்ணாக வந்தது.
இரண்டாவதில் இடது ஓரம் சுருங்கிற்று.
மூன்றாவது: ஐந்நூறு வாட், மூன்று நிமிடம்.
மணி அடித்தது,
நேற்றைய கோழிக்குழம்பு சூடானால்
எல்லா வீட்டிலும் அடிக்கிற அதே மணி.

பிறகு நிறம்.
கம்பெனி அட்டையில் பதினெட்டுத் தோல் இருக்கிறது,
சன்னாசி இல்லை.
மண் பழுப்பு, மஞ்சள், ஊசிமுனையில் நீலம்.
‘நீலமா?’ என்றார் அவர் மனைவி தேவகி.
‘நீலம்தான் அக்கா. கறுப்பு போட்டா செத்துப்போயிடும்.’
நரம்புக்குச் சிவப்பு நூலைப் பொடிப்பொடியாக நறுக்கித்
தூவினேன்.
பசை தடவி ஒட்டியதும்
கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.
‘தும்மல் வந்தா?’
‘பிடிச்சுக்குங்க.’

ஏழு வாரம் கழித்து வந்து நின்றார்.
‘மூக்கு வெளுத்துப்போச்சு.’

ஜன்னலோரம் உட்காரவைத்தேன்.
எடுத்துவைத்திருந்த மாதிரித் துண்டை
மூக்கின்மேல் வைத்தேன்.
துண்டு எது மூக்கு எது என்று தெரியவில்லை.
வெளுக்கவில்லை.
பத்து மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வெளிறிக் கிடந்த முகம்தான்
லோரிக்குத் திரும்பிவிட்டிருந்தது.
வலது கன்னம் இன்னும் ஒரு படி கூடுதல்,
ஸ்டியரிங் பக்கத்து வெயில்.

சொன்னேன்.
கன்னத்தைத் தடவிப் பார்த்தார்,
சட்டைப்பையில் காசு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.
‘அப்ப ரெண்டா செய்ங்க.
இது லீவுக்கு இருக்கட்டும்.’

ஹஃபிசா பழுப்புக் குப்பியை ஆட்டினாள்.
தேவகி இந்தமுறை நீலத்தைப் பற்றிக் கேட்கவில்லை.
குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்:
வலப்பக்கம் ஒரு துளி அதிகம்.