புள்ளி ஒன்று

டோனோபாவுக்கு முந்தைய ஏற்றத்தில்
மஞ்சள் விளக்கு எரிந்தது.
முப்பத்திரண்டு அடி நீள வீடு
தன் அடுப்பை, கட்டிலை,
குளியலறைக் கண்ணாடியை இழுத்துக்கொண்டு
மூச்சுவாங்க மேலேறி
பெட்ரோல் பங்க்கின் பின்புறச் சரளையில் நின்றது.

உதிரிபாகக் கடைப் பையன்
கருவியைச் செருகிப் பார்த்தான்.
இரண்டாம் வரிசை, முன் ஆக்சிஜன் சென்சார்.
"மாத்திடுங்க, சரியாயிடும்."

வெர்லின் மாற்றினான்.
நூற்றுப் பன்னிரண்டு டாலர்,
விரல் முட்டியில் இரண்டு இடத்தில் தோல்.
பழையதை ஒரு வசவோடு
குப்பைத் தொட்டிக்குள் எறிந்தான்.
மறுநாள் பத்து மைல் போவதற்குள்
அதே மஞ்சள். திரும்பி வந்தார்கள்,
அதே சரளைக்கு.

லெனோர்
ரீனோ நீதிமன்றத்தில் இருபத்தேழு வருடம்
சுருக்கெழுத்து எழுதியவள்.
இரண்டு இருக்கைக்கும் நடுவில்
எஞ்சின் மூடிமேல் உட்கார்ந்தாள், சூடு பொறுக்க
ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு.
முழங்காலில் ஃபோன்.
"ஸ்டார்ட் பண்ணு. அதுங்க பேசட்டும்."

முதல் வரிசை:
புள்ளி ஒன்று, புள்ளி எட்டு,
புள்ளி இரண்டு, புள்ளி ஏழு.
ஒரு நொடிக்குள் இரண்டு மனம்.
"இதுவும் போச்சா?" என்றான்.
"இல்ல. ஆடினாத்தான் இது நல்லாருக்குன்னு அர்த்தம்."
கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பதோ
புள்ளி ஆறில் அசையாமல் கிடந்தது.
"அது ஆடக்கூடாது."
ஒரே நேர்கோடு
முன்னால் வந்தால் நோய்,
பின்னால் வந்தால் சுகம்.
வெர்லின் தலையைச் சொறிந்தான்.

இரண்டாம் வரிசை, முன்னால்:
புள்ளி ஒன்று.
புள்ளி ஒன்று.
புள்ளி ஒன்று.
வக்கீல் சொல்லிக்கொடுத்த சாட்சிபோல.

அதை நம்பி
கணினி பெட்ரோலை ஊற்றுகிறது.
கூடுதல் இருபத்திரண்டு சதவீதம்.
புகைக்குழாயிலோ பச்சை வாடை.
பட்டினி என்கிறது ஒரு வாய்,
ஏப்பம் விடுகிறது இன்னொரு வாய்.

"புதுசும் பொய் சொல்லுது."

அவள் பதில் சொல்லவில்லை.
அவனுடைய பற்றவைக்கும் கேஸ் குடுவையை எடுத்து,
நெருப்பில்லாமல்,
காற்று உறிஞ்சும் வாயருகே லேசாகத் திறந்தாள்.
எண் துள்ளி எட்டைத் தொட்டது. மூடினாள்.
புள்ளி ஒன்று.

"காது கேக்குது இதுக்கு.
பெட்ரோல்னா என்னன்னுதான் தெரியாது.
எரிஞ்சது போக எவ்வளவு காத்து மிச்சம்,
அது ஒண்ணுதான் தெரியும். தெரிஞ்சத சொல்லுது.
தண்டனை குடுக்கறது வேற ஆளு."

அப்படியானால் காற்று இருக்கிறது.
எங்கிருந்து?

இரவு பதினேழு டிகிரி, அவர்கள் கணக்கில்.
கழுவுதொட்டிக் குழாய் உறைந்தது.
விடியலில் மூடியைத் தூக்கி வைத்து
சாவியைத் திருப்பினாள்.

டிக். டிக். டிக்.

கடிகாரம் மாதிரி, ஆனால் அவசரமான கடிகாரம்.
இரண்டு நிமிடம்.
இரும்பு சூடேறிப் பருத்ததும்
தன் வாயைத் தானே மூடிக்கொண்டது.
கடைசி சிலிண்டர் அருகே
தலை முறிந்த ஒரு போல்ட்,
அதனடியில் கலைந்த கண்மைபோலக் கரிக்கோடு.
சூட்டிலும் மயிரிழை மிச்சமிருக்கிறது.

ஒவ்வொரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில்
குழாய் ஒரு கணம் உள்ளிழுக்கிறது.
அந்தக் கணத்தில் நெவாடா உள்ளே வருகிறது,
வறண்ட ஏரியின் உப்புத் தூசி,
சேஜ் புதர்மேல் உறைந்த பனியின் குளிர்,
முந்நூறு மைலாக
யாரும் சுவாசிக்காத காற்று.
அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தது
பழையதும்.

வெர்லின் ஒன்றும் பேசவில்லை.
செருப்போடு இறங்கி,
டார்ச்சோடு பங்க்கின் பக்கவாட்டுக்குப் போனான்.
குப்பை லாரி
வியாழக்கிழமையே வந்துபோயிருந்தது.
திரும்பி வந்து, கையை இடுக்கில் செருகி நின்றான்.
"காலி."

ஈலியில் ஒருத்தன் முறிந்த போல்ட் எடுப்பானாம்,
திங்கள்தான் கடை திறப்பானாம்.
லெனோர் அவனுக்குக் காபி ஊற்றினாள்.
ஃபோனை இன்னும் அணைக்கவில்லை.
முழங்காலில், விடாமல்,
புள்ளி ஒன்று.