எனக்கு ஒன்றுமில்லை

வக்கீல் அலுவலகத்துக்கும் எங்கள் ஆணிக்கடைக்கும்
நடுவே ஒரே சுவர்.
மெரிடித் ஹாஸ்கல் அதை இரண்டு முறை தட்டினால்
கையைத் துடைத்துக்கொண்டு போவேன்.
தபால் நிலையத்திலிருந்து ஐடெல்லா வந்திருப்பாள்.
உயிலுக்கு இரண்டு சாட்சி.
எங்கள் தகுதி ஒன்றுதான்:
எழுதுகிறவர் சொத்தில்
எங்களுக்குச் சல்லிக்காசு வரக்கூடாது.
பதினெட்டு வருடத்தில் நாற்பத்தொரு உயில்.
என் கையெழுத்து தேய்ந்து தேய்ந்து
மீன்முள்ளாகிவிட்டது.

நாங்கள் படிப்பதில்லை.
கடைசித் தாள் மட்டும்தான் எங்களுக்கு.
ஆனாலும் காது இருக்கிறதே.
பனி வழிக்கும் லாரியை
விவாகரத்தான மனைவிக்கு எழுதிவைத்தான் ஒருவன்,
"கிளம்பாது, அதனால்தான்" என்று சிரித்தான்.
ஒருத்தி பழைய உயிலைக் கையோடு கொண்டுவந்து
"இது செத்துவிட்டதுதானே?" என்று
மூன்று முறை கேட்டாள்.
எல்லாம் பங்கிட்ட பிறகும்
'மீதி' என்று ஒரு பத்தி வரும்.
மறந்துபோனவை, இனி வாங்கப்போகிறவை,
அலமாரிக்குப் பின்னால் விழுந்தவை.
அந்த மீதிக்கும் ஒரு பெயர் வேண்டும்.

வெர்மாண்டின் மார்ச் மாதச் சேற்றில்
வந்தாள் ஆர்டித் லபவுன்டி.
அறுபத்து மூன்று பசு,
இருநூறு ஏக்கர் மேப்பிள் சரிவு,
ஒரே மகன் சைலஸ்.
முப்பத்து நான்கு வயது.
நூறு டாலர் நோட்டும் ஒரு டாலர் நோட்டும்
அவனுக்கு ஒரே பச்சை.

சுவர் மெல்லியது.
"அவன் பெயரில் நேராக எழுதினால்
அரசு உதவி நின்றுவிடும்.
யாராவது ஒரு நல்ல சிரிப்போடு வந்து
சரிவை எழுதி வாங்கிக்கொள்வான்.
அதனால் டிரஸ்ட்.
நிலம் உன் தங்கை கோரின் கையில்,
பலன் சைலஸுக்கு.
பிடிப்பவள் குடிக்கக்கூடாது.
குடிப்பவன் கவிழ்க்க முடியாது."
"கோரின் எனக்கு முன்னால் போய்விட்டால்?"
"அதற்கு அடுத்த பெயர்..."
அந்த நேரம் பார்த்து ஒருவர்
இரண்டு ராத்தல் கூரை ஆணி கேட்டார்.
தராசுத் தட்டு கடகடத்தது.

அடுத்த வாரம் சுவர் தட்டப்பட்டது.
பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு
காலுறையோடு உட்கார்ந்திருந்தாள் ஆர்டித்.
புத்தி தெளிவா என்று பார்க்க
வக்கீல் கேட்டாள், இன்று என்ன கிழமை?
"செவ்வாய். பதினேழாம் நம்பர்
இன்று ராத்திரி கன்று போடும்."
ஒவ்வொரு தாளிலும் அழுத்திக் கையெழுத்திட்டாள்,
கம்பி வேலிக்குக் குழி தோண்டுவது போல.

பேனா எனக்கு வந்தது.
மெரிடித்தின் கை என் மணிக்கட்டில்.
"பழக்கத்தில் தட்டிவிட்டேன்.
நீ போடக்கூடாது, வெண்டல்."
ஏன் என்றேன்.
அவள் ஆர்டித்தைப் பார்த்தாள்.
ஆர்டித் தன் காலுறையின் ஓட்டையைப் பார்த்தாள்.
"உன் பெயர் உள்ளே இருக்கிறது.
கொடையா சுமையா என்று
நான் சொல்லக்கூடாது."

எதிர்க்கடை டெல்பர்ட்டைக் கூட்டிவந்தேன்,
பாதி முடி வெட்டிய ஒருவரை
நாற்காலியில் விட்டுவிட்டு வந்தான்.
கத்தரிக்கோல் சட்டைப்பையில்.
கையெழுத்திட்டு வெளியே வந்ததும்
"எனக்கு இதில் என்ன கிடைக்கும்?" என்றான்.
ஒன்றுமில்லை என்றேன்.
பதினெட்டு வருடமாக என்னிடமிருந்த சொல்லை
முதல்முறையாக வேறொருவனுக்குக் கொடுத்தேன்.
அன்று மாலை
ஆணிகளை இரண்டு முறை எடைபோட்டேன்.
இரண்டு முறையும் வேறு வேறு எடை.

சனிக்கிழமை, வழக்கம்போல, சைலஸ் வந்தான்.
பழைய வாளியைத் தரையில் கவிழ்த்து
நட்டுகளை அளவுவாரியாகப் பிரித்தான்.
இடப்பக்கம் சுற்றும் மரையுள்ள ஒன்று
எந்த போல்ட்டிலும் ஏறவில்லை.
"இது எதோடு சேரும்?"
தெரியவில்லை என்றேன். தனியாக வை.
காலி டப்பா ஒன்றைத் தேடி எடுத்து
அதைப் போட்டு, குலுக்கிக் கேட்டுவிட்டு,
மூடியில் எழுத
ஒரு பெயர் கேட்டான்.