சுகர்

சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட்.
மாதக் கடைசியில் மருந்துக்கடை வரிசையில்
லெவாஷனின் அம்மா.
மாத்திரையின் பெயரைச் சொல்ல மாட்டாள்,
நோயின் பெயரையும்.
சீட்டை மட்டும் நீட்டுவாள்.
சுகர் என்றால் எங்கள் தெருவில் இரண்டு அர்த்தம்.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் நான்.

எட்டாம் வகுப்பில்
அவன் பெயர் அவனுக்கே வராது.
லெ என்று தொடங்கி
மீதி வந்து சேர்வதற்குள்
மிஸ் மூட்லி அடுத்த பெயருக்குப் போயிருப்பார்.
அந்த இடைவெளியில்தான் நான் புகுந்தேன்.
லெ லெ லெ
என்று பெஞ்சில் ஒரு தாளம்.
பஸ் ஹிக்கின்சன் ஹைவேயில் ஏறும்போது
கடைசி சீட்டுவரை அதே தாளம்.
டிரைவர்கூட ஒருநாள் ஸ்டியரிங்கில் தட்டினார்.

அடித்ததில்லை.
ரொட்டியைப் பிடுங்கியது டைரோன்,
பையைச் சாக்கடையில் வீசியது வேறு யாரோ.
நான் தாளம் மட்டும்.
இதை எனக்கே எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

பிறகு அவன் பஸ்ஸில் வரவில்லை.
நடந்தான். பதின்மூன்று வயது.

போன வருடம்
சீட்டோடு மடித்து வைத்திருந்த ஒரு தாள்
அவள் கையிலிருந்து நழுவிக் கவுண்டரில் விழுந்தது.
மறுவாழ்வு இல்லத்தில் எழுதச் சொன்னார்களாம்,
எப்படித் தொடங்கியது என்று.
அவள் பர்ஸில் சில்லறை தேடும் நேரத்தில்
படித்துவிட்டேன்.

பாலத்தடியில் நாலு பெரிய பையன்கள்.
சாக்லேட்டின் வெள்ளித்தாள், ஸ்ட்ரா, லைட்டர்.
முதல் வாரம் காசு கேட்கவில்லையாம்.
பெயர் கேட்டார்களாம்.
அவன் சொல்லி முடிக்கும்வரை
காத்திருந்தார்களாம்.

எழுத்தில் ஒரு திக்கலும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது தெருவுக்கே தெரியும்:
வாசலில் இருந்த பித்தளைக் குழாய்,
கேஸ் சிலிண்டர்,
அவளுடைய தாலிக்கொடி,
ஒன்றன்பின் ஒன்றாக.
இப்போது எங்கே இருக்கிறான் என்று
நான் கேட்டதில்லை.

இன்று அவள் கேட்டாள்.
"நீ அவனோட படிச்சவன்தானே தம்பி?"
"ஆமாம் ஆன்ட்டி."
"வீட்ல வாயே திறக்கமாட்டான்.
ஸ்கூல்ல நல்லாப் பேசுவானா?"

பின்னால் யாரோ இருமினார்கள்.
என் விரல்
கண்ணாடியின்மேல் தானாகத் தட்டுவதைப் பார்த்து
நிறுத்தினேன்.

காலையில் ஒன்று, என்றேன்.
ராத்திரி ஒன்று.
சாப்பிட்ட பிறகு.