பதினேழாம் கேள்வி

கச்சேரிக்கு எதிரே என் போட்டோக்கொப்பிக் கடை.
மெஷின் சூடேறும் முன்பே வந்து நின்றான் விஜேகோன்,
ஓய்வு பெற்ற கோப்ரல், கோமரங்கடவல.
ஒரு சொப்பிங் பை.
அதற்குள் இருபத்திரண்டு வருடச் சேவை.

எனக்கு அவன் முகம் தெரியும்.
மட்கோ சந்திச் சென்றியில்
மழைக்கும் குடை விரிக்க விடாமல்
என் ஐசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன்.
மூதூர்க்காரி இங்கே ஏன் வந்தாய்,
எத்தனை நாள், யார் வீட்டில்?
பதில் இருந்தது.
தொண்டையை விட்டு வரவில்லை.

இன்று படிவம் என் பக்கம்.
வருகையின் நோக்கம்?
சுற்றுலா என்று போடச் சொன்னானாம் ஏஜென்ட்.
எத்தனை நாள்?
விசா முப்பது. ஒப்பந்தம் ஒரு வருடம்.
யார் வீட்டில்?
சிரித்தான். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

பதினேழாம் கேள்வி:
முன்னர் எந்த இராணுவத்திலாவது பணியாற்றியதுண்டா,
ஆம் எனில் எங்கே, எப்போது, யாருக்கெதிராக?
கடைசிச் சொல் படிவத்தில் இல்லை.
விரல் தானாக அடித்தது.
அழித்தேன்.

எங்கே என்பதற்கு
அவன் சொல்லச் சொல்ல அடித்தேன்.
சீனக்குடா. மாவிலாறு. சம்பூர்.
சம்பூரில் சித்தியின் வளவும் இரண்டு பசுவும் இருந்தன.
எழுத்துப் பிழை விடவில்லை.

ஒப்பந்தம் இருபத்தாறு பக்கம்,
எங்கள் இருவருக்கும் தெரியாத எழுத்தில்.
ஆங்கில ஆர் ஒன்று
முதுகு காட்டித் திரும்பி நின்றது.
"குடியுரிமை தருவார்களாம், நங்கி.
பிள்ளைகளையும் எடுக்கலாமாம்."
பிழையாக வந்த தாளை வெளியே எறிந்தேன்.
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று வந்து
மென்றுகொண்டே போனது.

பங்குனியில் குசுமலதா வந்தாள், அவன் மனைவி.
போனில் கடைசியாய் ஒரு படம்:
பனி, ஒரு லொறி, அடையாளம் தெரியாத தொப்பிகள்.
விசா முடிந்து நாற்பது நாள்.
தூதரகத்தில் சொன்னார்களாம்:
சுற்றுலாப் பயணிதானே, தேடிப் பாருங்கள்.

என் கணினியில் ஒரு மனு இருக்கிறது.
எத்தனையோ தாய்மாருக்கு அடித்த அதே மனு.
பெயர், திகதி, கடைசியாகக் கண்ட இடம்
மாற்றினால் போதும்.
மாற்றினேன்.
மூன்றாம் வரியில்
'இராணுவத்தினரால் கூட்டிச் செல்லப்பட்டு' என்று இருந்தது.
அழிக்கப் போனேன்.
விரல் அந்தரத்தில் நின்றது.

பிறகு, அப்படியே விட்டுவிட்டு,
எத்தனை பிரதி வேண்டும் என்று
சிங்களத்தில் கேட்டேன்.